உட்கார இடம் கொடுங்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கடையில் யார் எவ்வளவு நேரம் உட்காரலாம்? "இதைப் பேசவா ஹஜ்ரத் மேடை ஏறினார்? டீக்கடை பெஞ்சைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆம், சகோதரர்களே! ஒரு சமுதாயத்தை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பது சட்டமன்றத்தில் தெரிவதற்கு முன்பே டீக்கடை பெஞ்சில் தெரிந்துவிடும். அதனால்தான் பேசுகிறேன்.

அமெரிக்காவில் பிலடெல்பியா என்றொரு நகரம். அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான ஊர். மனிதர் எல்லோரும் சமம் என்று 1776ல் உலகுக்கு அறிவித்த ஊர். அங்கே 2018 ஏப்ரல் 12 அன்று ஸ்டார்பக்ஸ் காபிக் கடை ஒன்றுக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இருவருக்கும் வயது 23. இருவரும் கறுப்பர்கள். வீடு, மனை வியாபாரம் சம்பந்தமாக ஒருவரைச் சந்திக்க அங்கே நேரம் குறித்திருந்தார்கள். ஒருவர் கழிவறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். "வாங்குபவர்களுக்கு மட்டும்தான்" என்றார்கள். சரி என்று திரும்பிவந்து உட்கார்ந்தார்.

அவர்கள் கடைக்குள் வந்து இரண்டே நிமிடம்! கடையின் மேலாளர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். என்ன புகார்? கத்தி எடுத்தார்களா? கல்லாவில் கை வைத்தார்களா? பெண்களைக் கேலி செய்தார்களா? ஒன்றும் இல்லை. எதுவும் வாங்கவில்லையாம், எழுந்து போகவும் இல்லையாம். இதுதான் புகார்!

போலீசார் வந்தார்கள். "எழுந்து வெளியே போங்கள்" என்றார்கள். "ஒருவருக்காகக் காத்திருக்கிறோம்" என்றார்கள் இளைஞர்கள். விலங்கு மாட்டப்பட்டது. அவர்கள் யாருக்காகக் காத்திருந்தார்களோ அந்த வெள்ளைக்கார வியாபாரியும் அப்போது வந்து சேர்ந்தார். "இவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்களும் கேட்டார்கள். பதில் இல்லை. சுமார் ஒன்பது மணி நேரம் காவலில் இருந்துவிட்டு, நள்ளிரவுக்குப் பின் அவர்கள் வெளியே வந்தார்கள். வழக்குத் தொடர அரசு வழக்கறிஞர் அலுவலகம் மறுத்துவிட்டது.

அந்தக் கடையில் வாங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள் மட்டும்தானா? அதே கடையில் தாங்கள் ஒன்றும் வாங்காமல் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறோம், யாரும் எழுப்பியதில்லை என்று வெள்ளையர்களே சாட்சி சொன்னார்கள். அங்கிருந்த ஒரு வாடிக்கையாளர் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அந்தப் படம் இல்லாதிருந்தால் இந்தச் செய்தி உங்கள் காதுக்கும் என் காதுக்கும் வந்திருக்குமா? சிந்தித்துப் பாருங்கள்!

வேடிக்கையைக் கேளுங்கள். தன் போலீசார் செய்ததில் தவறில்லை என்று முதலில் பேசிய நகரக் காவல் ஆணையர் ரிச்சர்ட் ராஸ், அவரே ஒரு கறுப்பர்தான்! பின்னர் ஒரு வாரத்திற்குள் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்தக் கடைகளில் வாங்காமலேயே மக்கள் மணிக்கணக்கில் உட்காருவது வழக்கம் என்பது தமக்குத் தெரியாது என்றார். இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நாற்காலியில் இருப்பவரை விட, பின்பற்றும் முறை முக்கியம்.

இளைஞர்கள் இருவரும் நகர நிர்வாகத்திடம் கோடிகளைக் கேட்டிருக்கலாம். அவர்கள் பெற்றுக்கொண்டது தலைக்கு ஒரு டாலர்! தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்காக 2 லட்சம் டாலரில் ஒரு திட்டம் வேண்டும் என்று கேட்டு நகரத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். கம்பெனியுடன் தனியாக ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அவமானப்பட்டவன் ஆத்திரத்தில் ஒரு கல்லை எறிந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? இளைஞர்களே, இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்!

கம்பெனி என்ன செய்தது? தலைவர் மன்னிப்புக் கேட்டார். மே 29 அன்று அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடி, சுமார் 1,75,000 ஊழியர்களுக்கு இனப்பாகுபாடு பற்றி வகுப்பு எடுத்தது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் யாரும் உட்காரலாம், கழிவறையைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஆனால் 2025 ஜனவரியில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இனி வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே இடம், விதியை மீறினால் வெளியேறச் சொல்வோம், தேவைப்பட்டால் போலீசின் உதவி கேட்போம் என்று கடையில் எழுதி ஒட்டியது. ஏழு வருடம்கூட நிற்கவில்லை அந்தத் தாராளம்! உலகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திறக்கிற கதவு, உலகம் வேறு பக்கம் திரும்பியதும் சாத்தப்படும். அல்லாஹ் பார்க்கிறான் என்ற அச்சத்தில் திறக்கிற கதவுதான் நிலைக்கும்.

நீதியின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பவத்திற்குப் பிறகு அந்தப் பகுதியின் நிர்வாகியாக இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வேலையை விட்டு நீக்கப்பட்டார். கைது விஷயத்தில் தமக்குச் சம்பந்தம் இல்லை, தம் நிறத்திற்காகவே தாம் பலியாக்கப்பட்டதாக வழக்குப் போட்டார். 2023 ஜூனில் ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்து, 2 கோடியே 56 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து சறுக்கிவிடக் கூடாது என்று சூரா மாயிதா நம்மை எச்சரிக்கிறது. ஓர் அநீதியைக் கழுவ இன்னோர் அநீதியைத் தண்ணீராக ஊற்ற முடியாது.

பெஞ்சுக்குப் பயந்த அரசர்கள்

சகோதரர்களே! காபிக் கடை என்பதே முஸ்லிம் உலகம் தந்த கொடை. எமனில் இரவு வணக்கத்திற்கு விழித்திருக்கச் சூஃபிகள் அருந்திய பானம் அது. பாபா புதன் என்ற பெரியார் எமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது கர்நாடகத்தில் வழங்கிவரும் வரலாறு.

ஆனால் மக்கள் காபிக்காகக் கூடி உட்கார்ந்தபோதெல்லாம் ஆள்பவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. 1511ல் மக்காவின் அதிகாரி கைர் பேக் காபிக்குத் தடை போட்டார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அதை ஏற்கவில்லை. 1633ல் துருக்கியின் நான்காம் முராத் காபிக் கடைகளை மூடினார். 1675 டிசம்பரில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் அதே ஆணையைப் போட்டு, எதிர்ப்பைத் தாங்க முடியாமல் சில நாட்களிலேயே வாபஸ் வாங்கினார். உட்கார்ந்தால் பேசுவான், பேசினால் கேள்வி கேட்பான் என்ற பயம்!

அமெரிக்கக் கறுப்பர்களுக்கு உட்காருவதே ஒரு போராட்டமாக இருந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கவுன்டரில் போய் உட்கார்ந்தார்கள். காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை அசையாமல் இருந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். அந்தத் தீ பல ஊர்களுக்குப் பரவியது. ஜூலை மாதம் அதே கவுன்டரில் கறுப்பர்களுக்கு உணவு பரிமாறப்பட்டது. 1964ல் உணவகங்களில் நிறம் பார்ப்பது சட்டவிரோதமானது. அதற்கு 54 ஆண்டுகள் கழித்துத்தான் பிலடெல்பியாவில் விலங்கு மாட்டினார்கள். சட்டம் பலகையை இறக்கிவிடும். பார்வையை மாற்றுவது மனிதர் வேலை.

நம் ஊர் பெஞ்சு

அமெரிக்காவைப் பழித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாமா? நம் தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்சு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? ஒரு சாராருக்குக் கண்ணாடி கிளாஸ், தலித் சகோதரனுக்குத் தனிக் குவளை. ஒருவன் பெஞ்சில், இன்னொருவன் மண்ணில். கடைகளிலும் உணவகங்களிலும் மதம், சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு. 1955லேயே தீண்டாமைக்கு எதிராகத் தனிச் சட்டமும் வந்தது. அப்படியிருந்தும் இரட்டைக் குவளை ஒழிய எத்தனை போராட்டங்கள்!

நம் சமுதாயத்திற்கும் அந்த வலி தெரியும். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டு வைத்து 58 உயிர்களைப் பறித்தவர்கள் கொடிய குற்றவாளிகள். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதன் பின் நடந்தது என்ன? தாடி ஒரு சாட்சியமானது. தொப்பி ஒரு தடயமானது. டீக்கடையில் நாலு முஸ்லிம் பையன்கள் நின்றால் 'சந்தேகக் கேஸ்' ஆனது. குற்றவாளியைத் தேடுவது வேறு, முகத்தைப் பார்த்துக் குற்றத்தை ஒட்டுவது வேறு. அதை அனுபவித்த சமுதாயம் இன்னொருவன் முகத்தைப் பார்த்து அதையே செய்யலாமா?

இப்போது வணிகர்களைக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளி, சிமெண்ட் ஒட்டிய லுங்கியோடு உங்கள் கடை வாசலில் நின்றால் அவனுக்கு உள்ளே இடம் உண்டா? துப்புரவுத் தொழிலாளிக்கு உண்டா? வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு டீயோடு ஒரு மணி நேரம் பேப்பர் படித்தால் "இன்னொரு டீ போடட்டுமா பாய்?" என்று கேட்கிறோம். இவன் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால் மேஜையைத் துடைக்கிற சாக்கில் எழுப்புகிறோம். சபையில் இடம் விட்டுக் கொடுங்கள், அல்லாஹ் உங்களுக்கு இடத்தை விசாலமாக்குவான் என்பது சூரா முஜாதலா தரும் பாடம். அது பள்ளிவாசல் ஸஃப்புக்கு மட்டும்தானா?

கடைக்காரரின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாடகை இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது, மாஸ்டருக்குச் சம்பளம் இருக்கிறது. நாலே மேஜையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் கல்லாவில் காசு எப்படி விழும்? எனவே விதி வையுங்கள். தவறில்லை. அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம் என்று போர்டில் எழுதுங்கள். ஆனால் பள்ளிவாசல் முத்தவல்லிக்கும் அதே அரை மணி, மூட்டை தூக்குபவருக்கும் அதே அரை மணி. ஆளுக்கொரு கடிகாரம் வைக்காதீர்கள்!

போலீசை எப்போது கூப்பிடலாம்? அடிதடி நடந்தால், ஆயுதம் இருந்தால், திருடினால், பெண்களிடம் வம்பு செய்தால், குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் தாராளமாகக் கூப்பிடுங்கள். அது உங்கள் உரிமை. மற்றவர்களின் பாதுகாப்பும் கூட. ஆனால் ஆள் புதுசு, நிறம் வேறு, பாஷை வேறு, பார்க்க ஒரு மாதிரி இருக்கிறான் என்பதற்காகப் போனை எடுக்காதீர்கள். முதலில் பக்கத்தில் போய், "தம்பி, யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேளுங்கள். பிலடெல்பியாவில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருந்தது. கேட்கப் பொறுமைதான் இல்லை. சந்தேகங்களில் பலவற்றைத் தவிர்க்கச் சொல்வதும், வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்வதும் சூரா ஹுஜுராத்தின் கட்டளைகள். போலீசுக்குச் செய்கிற போன் ஒரு சாட்சியம். மறுமையில் அதற்கும் கணக்கு உண்டு. போலீஸ் என்பது வேண்டாதவரைக் கூட்டித் தள்ளுகிற துடைப்பம் அல்ல.

இளைஞர்களே, உங்களுக்கு!

பாதையோரங்களில் உட்காருவதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் சொன்னார்கள். "எங்களுக்கு வேறு இடமில்லையே, அங்கேதானே பேசிக்கொள்கிறோம்" என்ற கருத்தில் தோழர்கள் பதில் சொன்னார்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் பெருமானார். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது! புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. எவ்வளவு அழகான தீர்ப்பு! எழுந்து போகச் சொல்லி விரட்டவில்லை. பொறுப்போடு உட்காரச் சொன்னார்கள். டீக்கடையில் உட்காரும் உரிமையைக் கேட்கிற நீங்கள், அந்த வழியே போகிற பெண்களுக்கு அச்சமில்லாத பாதையைக் கொடுத்தீர்களா? ஒரு டீ வாங்கி மூன்று மணி நேரம் அரட்டை அடித்து ஏழை வியாபாரியின் பிழைப்பைக் கெடுக்காமல் இருந்தீர்களா?

அப்படி ஒழுங்காக இருந்தும் போலீஸ் வந்து கேட்டால் ஓடாதீர்கள். கை ஓங்காதீர்கள். மரியாதையாகப் பேசுங்கள். பெயரையும் வந்த காரணத்தையும் சொல்லுங்கள். கைது என்றால் காரணம் கேளுங்கள். காரணத்தைத் தெரிந்துகொள்ளவும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு உரிமை தருகிறது. 1996ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, கைது செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 151 பிரிவுகள்தான் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 128, 170 என்ற எண்களோடு இருக்கின்றன. பேப்பரில் எண் மாறியதே என்று திகைக்காதீர்கள். ஜமாஅத்துக்கு ஒரு வழக்கறிஞரின் போன் எண் ஒவ்வொரு இளைஞனின் பையிலும் இருக்கட்டும். அந்த வழக்கறிஞரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது ஜமாஅத் நிர்வாகிகளின் கடமை.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் கண்ணெதிரே யாரையாவது, அவர் எந்த மதம், எந்த மாநிலம் ஆனாலும், காரணமில்லாமல் எழுப்பினால், எழுந்து நின்று கேளுங்கள்: "இவர் என்ன செய்தார்?" பிலடெல்பியாவில் அந்நியர்கள் கேட்ட அந்தக் கேள்விதான் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. நமக்கு நடக்கும்போது மட்டும் குரல் கொடுத்தால் அது சுயநலம். யாருக்கு நடந்தாலும் குரல் கொடுத்தால் அதுதான் ஈமானின் அடையாளம்.

வணிகர்களே! நாளைக் காலை கடையைத் திறந்ததும் ஒரு தடவை பெஞ்சைப் பாருங்கள். அதில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்கும்போதே, யார் உட்காரத் தயங்குகிறார்கள் என்றும் பாருங்கள். தயங்குகிறவரை நீங்களே கூப்பிட்டு உட்கார வையுங்கள். இடம் கொடுப்பவர்களாகவும், இடத்தின் உரிமையைப் பேணுபவர்களாகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.