பெருந்தொற்றுக் காலத்தில் பணியிடப் பாதுகாப்பு

பெருந்தொற்று பரவும்போது ஊரையே வீட்டுக்குள் இருக்கச் சொல்கிறது அரசு. ஆனால் ஊர் வீட்டுக்குள் இருக்க வேண்டுமானால் சிலர் வெளியே வந்தே ஆக வேண்டும். பால் வர வேண்டும். குப்பை அள்ள வேண்டும். மின்சாரம் நிற்கக் கூடாது. மருத்துவமனை மூடக் கூடாது. இந்த வேலைகளைச் செய்கிறவர்களே அத்தியாவசியப் பணியாளர்கள். 2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, மருத்துவர், செவிலியர், காவலர் மட்டுமல்லாமல் சந்தையில் மூட்டை தூக்குவோர், ரேஷன் கடை ஊழியர், லாரி ஓட்டுநர், வங்கிக் காசாளர், பெட்ரோல் பங்க் ஊழியர், தூய்மைப் பணியாளர் எனப் பலரும் அன்றாடம் வேலைக்குப் போனார்கள்.

இவர்கள் சிறு கூட்டமல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023-ல் வெளியிட்ட அறிக்கை 90 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. உழைப்போரில் சராசரியாக 52 சதவீதம் பேர் அத்தியாவசியப் பணிகளில் இருப்பது தெரிந்தது. மற்ற வேலைகளில் இருந்தவர்களைவிட இவர்களிடையே கொரோனா இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. இவர்களுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. நோயாளிகளின் நடுவிலேயே நின்ற மருத்துவப் பணியாளர்களைவிடப் போக்குவரத்துத் தொழிலாளர்களிடையே இறப்பு விகிதம் அதிகம். மருத்துவமனையில் பயிற்சியும், பாதுகாப்பு உடையும், நடைமுறை விதிகளும் ஓரளவேனும் இருந்தன. பேருந்திலும் லாரியிலும் அவை போதுமான அளவில் இல்லை. ஆக, ஆபத்தை முடிவு செய்வது கிருமி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது மட்டுமல்ல, பணியிடம் எப்படி அமைந்திருக்கிறது என்பதும்தான்.

கொரோனா போன்ற சுவாச நோய், தொற்று உள்ளவர் பேசும்போதும் இருமும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் துகள்களால் பரவுகிறது. பெரிய திவலைகள் சில அடிகளுக்குள் விழுந்துவிடும். நுண்துகள்கள் மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும். எனவே மூடிய இடம், நெருக்கம், நீண்ட நேரம் ஆகிய மூன்றும் சேரும் பணியிடம் மிக ஆபத்தானது. தென்கொரியத் தலைநகர் சியோலில் 19 மாடிக் கட்டடம் ஒன்றின் 11-வது மாடியில் தொலைபேசிச் சேவை மையம் இயங்கியது. 2020 மார்ச்சில் அங்கு நோய் பரவியது. அந்த மாடியில் வேலை செய்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று. அவர்களிலும் பெரும்பாலோர் அந்த மாடியின் ஒரே பக்கத்தில், நெருக்கமான மேசைகளில் அமர்ந்து நாள் முழுக்கப் பேசியவர்கள். அதே கட்டடத்தின் மற்ற மாடிகளில் இருந்தோரும் அதே மின்தூக்கியையும் முகப்புக் கூடத்தையும் பயன்படுத்தினார்கள். ஆனால் அங்கெல்லாம் தொற்று மிகக் குறைவு. மின்தூக்கியில் கழிந்தது ஒரு நிமிடம். மேசையில் கழிந்தது முழு ஷிப்ட்.

பணியிட ஆபத்தைக் குறைக்கும் வழிகளைப் பாதுகாப்பு வல்லுநர்கள் ஒரு வரிசையில் வைக்கிறார்கள். ஆபத்தையே அகற்றுவது முதல் படி. அதற்கு மாற்று வழி காண்பது இரண்டாவது. ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு அமைப்பது மூன்றாவது. வேலை செய்யும் முறையை மாற்றுவது நான்காவது. பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் கடைசி. மேலே உள்ள படிகளைச் செய்யும் பொறுப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தது. கீழே வர வர அந்தப் பாரம் தொழிலாளியின் தோளுக்கு மாறுகிறது. பெருந்தொற்றின் தொடக்கத்தில் பல இடங்களில் கடைசிப் படியே முதல் படியாகிவிட்டது. கையில் ஒரு முகக்கவசத்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததாக நிர்வாகங்கள் நினைத்தன.

சென்னைக் கோயம்பேடு சந்தை இந்த வரிசையைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். 1996-ல் திறக்கப்பட்ட இந்த மொத்த விற்பனைச் சந்தைக்கு விடிவதற்கு முன்பே வெளியூர் லாரிகள் வந்து சேரும். குறுகலான நடைபாதைகளில் மூட்டை இறங்கும், பேரம் நடக்கும், சில்லறை வியாபாரிகள் முண்டியடிப்பார்கள். சுமைதூக்கும் தொழிலாளர்களில் பலர் விழுப்புரம், கடலூர், அரியலூர் பக்கங்களிலிருந்து வந்து சந்தையிலேயோ பக்கத்து அறைகளிலேயோ கூட்டமாகத் தங்கியவர்கள். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள்களுக்குச் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், அதற்கு முந்தைய நாள் காய்கறி வாங்கக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. சில நாள்களில் கோயம்பேடு பெரிய தொற்று மையமாகத் தெரியவந்தது. ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு நோயும் பல மாவட்டங்களுக்குப் போயிற்று. மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் சென்னையை அடுத்த திருமழிசையில் திறந்த வெளிக்கு மாறியது. கடைகளுக்கு இடையே இடைவெளி கிடைத்தது, காற்றுக்குத் தடையில்லை. இடத்தை மாற்றியதால் சனநெருக்கமும் மூடிய சூழலும் ஒருசேரக் குறைந்தன. செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேட்டில் காய்கறி மொத்த விற்பனை மீண்டும் தொடங்கியது.

இடத்தை மாற்ற முடியாத வேலைகளில் காற்றோட்டத்துக்கே முதலிடம். சன்னல்களை எதிரெதிரே திறந்து வைப்பது, வெளியேற்று மின்விசிறி பொருத்துவது, உள்ளே சுற்றும் குளிர்சாதனக் காற்றில் வெளிக்காற்றைக் கலப்பது ஆகியவை செலவு குறைந்த வழிகள். காற்றோட்டம் போதுமா என்று பார்க்கக் கரியமில வாயு அளவியை வைக்கலாம். திறந்த வெளியில் அதன் அளவு பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கும். மூடிய அறையில் அது 800-க்கு மேல் ஏறிக்கொண்டே போனால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். வங்கியிலும் ரேஷன் கடையிலும் கண்ணாடித் தடுப்பு பெரிய திவலைகளைத் தடுக்கும். மிதக்கும் நுண்துகளை அது தடுக்காது. கண்ணாடியை மாட்டிவிட்டுச் சன்னலைச் சாத்தி வைத்தால் அரைப் பாதுகாப்புத்தான்.

அடுத்தது வேலைமுறை. ஒரே ஷிப்டில் 60 பேர் வருவதற்குப் பதிலாக 20 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு மற்றொன்றைச் சந்திக்காதபடி அமைத்தால், ஒருவருக்குத் தொற்று வந்தாலும் மொத்த வேலையும் நிற்காது. உணவு இடைவேளையை மாற்றி மாற்றி விடுவது முக்கியம். வேலையில் இடைவெளி காத்தவர்கள் முகக்கவசத்தைக் கழற்றிச் சேர்ந்து உட்காரும் இடம் சாப்பாட்டு அறைதான். தமிழகத்தில் 2020 ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் வழங்கியபோது நாளும் நேரமும் குறித்த டோக்கன் கொடுத்தார்கள். கடை முன் வரிசை குறைந்தால் பயன் பொதுமக்களுக்கு மட்டுமல்ல, நாள் முழுக்கக் கடைக்குள் நிற்கும் ஊழியருக்கும்தான்.

பயனற்ற ஏற்பாடு பாதுகாப்பு உணர்வை மட்டும் தரும். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் சந்தைக்கு வருவோர் மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்க வழி அமைக்கப்பட்டது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. மூச்சுக்குழாயில் இருக்கும் கிருமியைச் சட்டை மேல் தெளிக்கும் மருந்து தொடாது. கண்ணுக்கும் தோலுக்கும் அது கெடுதல். அதே மாதம் 18-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஆள்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது.

பாதுகாப்பு உடை கடைசிப் படி என்றாலும், மருத்துவமனையிலும் ஆம்புலன்சிலும் அது இல்லாமல் முடியாது. என்-95 முகக்கவசம், தப்பிச் செல்வதற்கு வாய்ப்பு அதிகமுள்ள 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை வடிகட்டும். ஆனால் முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால்தான் இந்தப் பயன். தாடி இருந்தாலோ, மூக்குக் கம்பியை அழுத்தாவிட்டாலோ காற்று ஓரத்தில் புகுந்துவிடும். அணிந்ததும் இரு கைகளாலும் மூடி வேகமாக மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும்; ஓரத்தில் காற்று கசிந்தால் சரியாகப் பொருந்தவில்லை. வெளிமூச்சுக்கு வால்வு வைத்த கவசம் அணிந்தவரைக் காக்கும். எதிரில் இருப்பவருக்குக் கிருமியை விட்டுவிடும். உடையைக் கழற்றும் நேரமே மிக ஆபத்தானது, ஏனெனில் அதன் வெளிப்புறத்தில் கிருமி இருக்கக்கூடும். முதலில் கையுறை, கடைசியில் முகக்கவசம்; இடையிடையே கைகழுவல். முழு உடை அணிந்தவர் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறை போகவோ முடியாது. வெயில் நாட்டில் நேரத்தைக் குறைத்து ஆளை மாற்றுவதும் பாதுகாப்பில் சேர்ந்ததே.

எல்லோர் கண்ணிலும் படாமல் போகிறவர்கள் குப்பை கையாள்வோர். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டிலிருந்து வரும் முகக்கவசமும் கைக்குட்டையும் மற்றக் குப்பையோடு கலந்தால், அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கைக்கே போகும். இதற்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. நோயாளியின் கழிவு மஞ்சள் பையில் தனியாகப் போக வேண்டும். மற்ற வீடுகளின் முகக்கவசங்களைக் காகிதப் பையில் குறைந்தது 72 மணி நேரம் வைத்திருந்து, மீண்டும் யாரும் எடுத்து அணியாதபடி வெட்டிப் போட வேண்டும். இந்த வேலையில் மெல்லிய மருத்துவக் கையுறை போதாது. ஊசியும் கண்ணாடியும் கிழிக்காத தடித்த ரப்பர் கையுறையும் பூட்ஸும் தேவை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் முன் குளிக்க இடமும், உடை மாற்ற அறையும், சோப்பும் தண்ணீரும் தேவை.

இத்தனை ஏற்பாடும் செய்த பிறகும், காய்ச்சலோடு ஒருவர் வேலைக்கு வந்தால் எல்லாம் வீண். அப்படி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் கூலி. அமெரிக்காவின் சூ ஃபால்ஸ் நகரத்தில் ஒரு பன்றி இறைச்சி ஆலை, 2020 ஏப்ரல் முடியும்வரை ஷிப்ட் தவறாமல் வருவோருக்கு 500 டாலர் ஊக்கத்தொகை அறிவித்தது. இறைச்சி வெட்டும் இடத்தில் தொழிலாளர்கள் தோளோடு தோள் நின்றார்கள். அவர்கள் பேசிய மொழிகள் சுமார் 40; ஒரே மொழியில் தரும் பயிற்சி எல்லோரையும் எட்டாது. சுமார் 3,600 பேரில் 929 பேருக்குத் தொற்று வந்தது. நோயுற்றால் வராதே என்று சுவரில் எழுதிவிட்டு, வந்தால்தான் பணம் என்று சொன்னால், தொழிலாளி பணத்தின் பேச்சையே கேட்பார். சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு என்பது சலுகை அன்று, தொற்றுத் தடுப்பு முறை. இந்தியாவில் ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. நாள்கூலிச் சுமைதூக்குவோரில் பலர் அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.

வேலையிடம் வாசலோடு முடிவதில்லை. சிங்கப்பூரில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வங்கதேசத் தொழிலாளர்களும் ஏராளமாகத் தங்கிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு, பதினாறு பேர் என்று அடுக்குக் கட்டிலில் படுத்தார்கள். 2020 டிசம்பருக்குள் விடுதிவாசிகள் சுமார் 3.2 லட்சம் பேரில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போனது பரிசோதனைகளில் தெரிந்தது. அதன் பிறகு புதிய விடுதிகளுக்கு, அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற விதி வந்தது. தங்குமிடமும் வேலைக்கு அழைத்துப் போகும் வேனும் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வர வேண்டும் என்பதே இதன் பாடம்.

சட்டங்களும் மெல்ல மாறியிருக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி வேலையிலிருந்து விலகிக்கொண்டால் தண்டிக்கக் கூடாது என்று 1981-ம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று சொல்கிறது. பாதுகாப்பான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு 2022-ல் சேர்த்தது. 2025 ஜூனில் பணியிடக் கிருமி ஆபத்துகளுக்கென்றே தனி உடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவில் 1897-ம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டு, சுகாதாரப் பணியாளரைத் தாக்குவோருக்கு மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்க வழி செய்தது. படுகாயம் ஏற்படுத்தினால் அது ஏழு ஆண்டு வரை போகும்.

கொரோனாவுக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. 2003-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சார்ஸ் நோயால் 44 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு செவிலியர்களும் ஒரு மருத்துவரும் அடக்கம். விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்பெல், ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைக்கு அறிவியல் உறுதி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று தன் விசாரணை அறிக்கையில் சொன்னார். சார்ஸ் வந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு, கொரோனா காற்றில் பரவுகிறதா என்ற வாதம் முடியும்வரை பல பணியிடங்களில் சன்னல்கள் மூடியே இருந்தன.

அடுத்த பெருந்தொற்று எந்தக் கிருமியால் வரும் என்பது தெரியாது. ஆனால் அதற்குத் தேவையான காற்றோட்டம், ஷிப்ட் பிரிப்பு, சம்பள விடுப்பு, பொருந்தும் கவசம், தொழிலாளியின் மொழியில் பயிற்சி ஆகியவற்றை நோய் இல்லாத நாளிலேயே ஏற்பாடு செய்துவிடலாம். ஒவ்வொரு நிர்வாகமும் சங்கமும் உள்ளாட்சியும் செய்ய வேண்டிய வேலை இது. தொழிலாளியைப் பாராட்டிக் கை தட்டுவது நல்லதுதான். அவர் வேலை செய்யும் அறையின் சன்னலைத் திறந்து வைப்பது அதைவிட நல்லது.