பார்த்தவர் கண்ணும் சொன்னவர் வாயும்



அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதிபர் தேர்தல் வருகிறது. போட்டியிடுவோர் ஒரே மேடையில் நின்று, செய்தியாளரின் கேள்விகளுக்கு மறுமொழி சொல்வதைக் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்க்கின்றனர். இந்த வழக்கம் எப்படித் தொடங்கிற்று என்று பார்ப்போம்.

1960 செப்டம்பர் 26-ஆம் நாள். சிக்காகோ நகரின் ஒரு நிலையத்தில் ஜான் கென்னடியும் ரிச்சர்ட் நிக்சனும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். ஏறத்தாழ 7 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்வார்கள். நிக்சன் அப்போது துணை அதிபர், பேச்சில் வல்லவர். ஆனால் முழங்கால் புண்ணால் மருத்துவமனையில் கிடந்து மெலிந்திருந்தார். முகத்தில் வெளிறல். சாம்பல் நிறக் கோட்டு, பின்னால் இருந்த திரையோடு கலந்து மங்கிவிட்டது. கென்னடியோ கறுத்த உடையில் எடுப்பாகத் தெரிந்தார்.

வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றும், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றும் சொன்னதாக ஒரு கதை உண்டு. வானொலியில் பேசுகிறவனுக்கு அது இனிக்கத்தான் செய்கிறது. ஆயினும் அதற்கு ஆதாரமான கணக்கெடுப்பு மிகச் சிறியது. அதை நம்பலாமா என்று அறிஞர்கள் ஐயுறுகிறார்கள். அந்தத் தேர்தலில் கென்னடி வென்றார். நாடு முழுவதும் வாக்கு வித்தியாசம் 1 இலட்சத்துச் சொச்சம்தான்.

பிறகு 16 ஆண்டுகள் இத்தகைய வாதமே நடக்கவில்லை. ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் மற்ற வேட்பாளர்களுக்கும் சமநேரம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் குறுக்கே நின்றது. முன்னணியில் இருந்தவர்களுக்கும் மேடையேற மனமில்லை.

1976-இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டும் ஜிம்மி கார்ட்டரும் மோதினார்கள். பிலடெல்ஃபியாவில் நடந்த முதல் வாதத்தில் ஒலிக்கருவி கெட்டு, 27 நிமிடம் ஒரு சொல்லும் வெளியே கேட்கவில்லை. இருவரும் மேடையை விட்டு இறங்காமல் வாய்மூடிக் காத்திருந்தார்கள்!

அதைவிடப் பெரிய செய்தி, அக்டோபர் 6-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இரண்டாம் வாதம். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஃபோர்டு சொல்லிவிட்டார். போலந்து, ஹங்கேரி முதலிய நாடுகள் அப்போது யார் பிடியில் இருந்தன என்பதை உலகறியும். கேள்வி கேட்ட செய்தியாளரே வியந்து, மறுபடியும் கேட்டார். ஃபோர்டு விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. வாதம் முடிந்த கையோடு மக்களைக் கேட்டபோது, ஃபோர்டே நன்றாகப் பேசினார் என்றவர்கள் மிகுதி. பலர் அந்தச் சொல்லைப் பொருட்படுத்தவே இல்லை. அன்றிரவும் மறுநாளும் தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்ப எடுத்துப் பேசின. மறுநாள் மாலை கேட்டபோது, பெரும்பாலோர் கார்ட்டர் வென்றார் என்றார்கள். பேச்சு அதே பேச்சு; தீர்ப்புத்தான் மாறிவிட்டது.

லயத்தில் ஒரு சண்டை நடந்தால், நேரில் பார்த்தவரைக் காட்டிலும் மறுநாள் பெரட்டில் கேட்டவர்தான் விவரமாகச் சொல்வார். அது உங்களுக்குத் தெரியாததா?

பத்திரிகைகள் செய்தது குற்றமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபோர்டு சொன்னது தவறுதான். அதைச் சுட்டிக்காட்டுவது செய்தியாளர் கடமை. தவறென்று ஒப்புக்கொள்ள அவரே சில நாள் எடுத்துக்கொண்டார், பேச்சும் வளர்ந்தது. ஆனால் 90 நிமிட வாதத்தில் மற்ற கேள்விகளுக்கு இருவரும் என்ன சொன்னார்கள்? அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போயிற்று. இதுதான் என் குறை.

கட்சிக்காரர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். 1980-களிலிருந்து, வாதம் முடிந்ததும் பக்கத்து அறையில் இரு கட்சி ஆட்களும் நிருபர்களைச் சூழ்ந்துகொண்டு, “எங்கள் தலைவரே வென்றார்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தலைவர் சோர்ந்து போயிருந்தாலும் அவர்கள் வாயில் அவர் வென்றவர்தான்.