பொருந்துகிற இடம்



போர்வெல் மோட்டார் வாங்க வரும் கொங்கு விவசாயியிடம் கடைக்காரர் முதலில் கேட்பது கிணற்றின் ஆழத்தை. அதை வைத்துத்தான் எத்தனை ஸ்டேஜ் என்று சொல்கிறார். தண்ணீரைத் தள்ளும் ஒரு இம்பெல்லர், அதைச் சுற்றி ஒரு கிண்ணம்: இதுதான் ஒரு ஸ்டேஜ். அதே ஜோடியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறோம். தண்ணீர் கீழே இறங்க இறங்க ஸ்டேஜ் ஏறுகிறது. ஒவ்வொரு ஆழத்துக்கும் புதுப் பம்பு வரைய வேண்டியதில்லை. மோட்டாரும் பம்பும் சேருகிற இடத்துக்குத் தர அளவு ஒன்று இருப்பதால், ஒருவர் செய்த மோட்டாரில் இன்னொருவர் செய்த பம்பு உட்காருகிறது. மாடுலர் டிசைன் என்று இன்று கல்லூரியில் பாடம் நடக்கிறதே, அது கோவைப் பட்டறைகளுக்குப் பழகிய வேலை!

அதே யோசனையை ராக்கெட்டிலும் பார்க்கலாம். 2024 மே 30 காலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சிறு ராக்கெட் எழுந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் மடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தின் சோதனை ராக்கெட் அது. நான்கு முறை தள்ளிப்போய், ஐந்தாவது முயற்சியில் பறந்தது. அதன் எஞ்சினை ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்திருந்தார்கள். உலோகப் பொடியைப் பரப்பி, லேசரால் உருக்கி, மறுபடி பரப்பி, அடுக்கடுக்காக வளர்த்த எஞ்சின். தனித்தனியே செய்து ஒட்ட வேண்டிய எத்தனையோ துண்டுகள் அதில் ஒன்றாகிவிட்டன. அந்த நிறுவனம் வடிவமைத்திருக்கும் அக்னிபாண் ராக்கெட்டின் முதல் அடுக்கில், சுமைக்குத் தக்கபடி 4 முதல் 7 எஞ்சின்கள் வரை பொருத்தலாம். கேட்டதும் எனக்கு நம் ஸ்டேஜ் கணக்குதான் நினைவுக்கு வந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். எங்கள் வீட்டு மிக்ஸியில் கப்ளர் உடைந்தது. மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் துண்டு. கடை கடையாக அலைந்தேன். "அந்த மாடல் நின்றுபோச்சுங்க, இனி வராது" என்றார்கள். மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஜாரில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனாலும் மிக்ஸி குப்பைக்குப் போக வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெரிந்த தம்பி ஒருவர் உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து, வெர்னியரால் அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, நைலானில் அச்சிட்டார். முதல் கப்ளர் இறுகியது. அளவைச் சற்றே மாற்றி எடுத்த இரண்டாவது பொருந்தியது. இன்றும் அதில்தான் சட்னி அரைக்கிறோம்.

எல்லாவற்றையும் அச்சு இயந்திரத்திலேயே செய்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். லட்சம் கப்ளர் வேண்டுமென்றால் மோல்டுதான் மலிவு. ஐம்பதுதான் வேண்டுமென்றால் மோல்டுக்கு யார் முதல் போடுவார்? பழைய மாடல்களுக்குப் பாகம் கிடைக்காமல் போவது அந்த இடத்தில்தான். டிராயிங் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தால் ஐம்பதும் எடுக்கலாம், ஒன்றே ஒன்றும் எடுக்கலாம். புது இம்பெல்லருக்கும் அப்படித்தான். மரப் பேட்டர்ன் செதுக்குவதற்கு முன்பே பிளாஸ்டிக்கில் ஒன்றை அச்சிட்டு, பம்பில் பொருத்தித் தண்ணீர் ஓட்டிப் பார்த்துவிடலாம். பிழை இருந்தால் திரையில் திருத்துவதோடு போயிற்று, ஃபவுண்டரியில் இரும்பு வீணாகாது.

புவிசார் குறியீடு பெற்ற வெட் கிரைண்டரின் ஊர் நம் கோவை. அதைச் செய்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். டிரம் உட்காரும் தண்டு, பெல்ட் ஓடும் புல்லி, கல் மாட்டும் பிடி ஆகிய மூன்றில் ஒவ்வொன்றுக்கும் பொது அளவு ஒன்றைக் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். கல்லின் தரத்திலும் மோட்டாரின் உழைப்பிலும் போட்டி போடுங்கள். பொருந்துகிற இடத்தில் போட்டி வேண்டாம். ஒரு மாடலை நிறுத்துகிற நாளில் அதன் பாகங்களின் டிராயிங்கை ஊருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்று வீட்டுக்குக் கிளம்புமுன், பக்கத்து நாற்காலியில் இருக்கும் உற்பத்தியாளரிடம் அவருடைய டிரம் தண்டின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள்.