கழுத்துக்கு ஒரு கம்பளி

மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்புக்கட்டைச் சும்மாட்டின்மேல் ஏற்றி, கழுத்து அசையாமல் நடக்கும் தொழிலாளரைக் கண்டவர்கள், தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தை அலட்சியமாகக் கருதமாட்டார்கள். அவ்வாசனத்தில், ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையைத் தாங்க அமைந்த ஏழு கழுத்தெலும்புகளின்மேல், முன்கைகளும் தோள்களும் தம் பங்கை ஏற்காவிடில், சரீரபாரம் முழுவதுமே இறங்கிவிடும்.

சுமார் 40 டிகிரி உஷ்ணமூட்டிய அறையில் செய்வதற்கென யோகாசன ஆசிரியர் பிக்ரம் சௌத்ரி வகுத்த 26 பயிற்சிகளில், சிரசாசனமும் இல்லை, தோள்களில் நிற்கும் சர்வாங்காசனமும் இல்லை. இது மிகவும் கவனிக்கத்தக்கது. உஷ்ணத்தில் தசைகள் இளகுவதால் எல்லை மீறியது உடனே தெரிவதில்லை. வியர்வையில் முழங்கை வழுக்கவும் செய்யும். சித்திரை வெயிலில் நம் ஓட்டு வீடுகளே அத்தகைய அறைகள்தாமே! ஆகவே விடியற்காலையே உசிதம்.

சர்வாங்காசனத்திற்கு யோகாசன ஆசான் பி.கே.எஸ். ஐயங்கார் காட்டிய முறை எனக்கு மிகவும் உவப்பானது: மடித்த கம்பளிகளை அடுக்கி, தோள்கள் அவற்றின்மேலும், தலை தாழ்ந்த தரையிலுமாகப் படுத்தால், கழுத்தின் மடிப்பு வெகுவாகக் குறைகிறது. கால்களை உயர்த்தியபின் யார் அழைத்தாலும் தலையைத் திருப்பலாகாது. இரத்தக்கொதிப்பும் கண்ணழுத்த நோயும் உள்ளவர்கள், வைத்தியர் சம்மதமின்றி இவற்றைச் செய்யவே வேண்டாம்.