ஐ.சி.யூ. வாசலில் யார் முடிவெடுப்பது?



பாலத்துக்கு முன்கூட்டியே வரைபடம் போடுகிறோம். கடைசிக்கால வைத்தியத்துக்குப் போடுவதில்லை. அதனால்தான் ஐ.சி.யூ. வாசலில் அண்ணன் தம்பி சண்டை.

2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவ உயில் செல்லும் என்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. தெளிந்த மனதோடு எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் ஆபீசரிடமோ சான்று வாங்க வேண்டும். தேற வழியே இல்லாதபோது வென்டிலேட்டர் வேண்டாம் எனலாம். இரண்டு டாக்டர் குழுக்கள் ஒப்பினால்தான் நிறுத்துவார்கள்.

"நம்ம பக்கத்துத் தலைக்கூத்தல்தானே இது?" என்பீங்க. இல்லீங்க. அது வீட்டார் முடிவு, சட்டப்படி கொலை. இது அவரவர் சொல்லி வைப்பது. மனசு மாறினால் ரத்து செய்யலாம்.

பொங்கலுக்கு அலங்காநல்லூரில் சொந்தமெல்லாம் கூடுமே, அப்போது அப்பா அம்மாவிடம் விருப்பத்தைக் கேளுங்க. உங்க விருப்பத்தையும் சொல்லி வையுங்க.