ரசிகர் விழா: வீண் செலவா, விளைநிலமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஒரு திரைப்படத்தின் மீது கொண்ட ஆசைக்காக விமானம் ஏறி, வெளிநாட்டில் தங்கி, மூன்று நான்கு நாள் ரசிகர் விழாவில் கலந்துகொள்வது தேவைதானா? இதுதான் இன்று நம் முன் வைக்கப்பட்டுள்ள கேள்வி. எனக்கு முன்பு பேசிய நண்பர் தேவையில்லை என்றார். பிளாஸ்டிக் வாளுக்கும் முகமூடிக்கும் காசைக் கொட்டும் கூட்டம் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. விட்டுப்போன மறுபாதியை நான் சொல்ல வந்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஸ்டார் வார்ஸ் படங்களையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய முதல் படம் 1977ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி அமெரிக்காவில் வெளிவந்தது. அடுத்து 1980இலும் 1983இலும் இரண்டு படங்கள். அதன் பிறகு 16 ஆண்டுகள் திரையரங்குக்குப் புதிய படம் வரவில்லை. சிறுவனாகப் பார்த்தவன் தகப்பனாகிவிட்டான். ஆனாலும் ஆசை தீரவில்லை. 1999 மே மாதம் நான்காவது படம் வரவிருந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பு, ஏப்ரல் 30 முதல் மே 2 வரை, அமெரிக்காவின் டென்வர் நகரில் 'ஸ்டார் வார்ஸ் செலிப்ரேஷன்' என்ற பெயரில் முதல் விழா நடந்தது. இடம், பழைய விமானப் படைத் தளத்தில் இருந்த ஒரு விமான அருங்காட்சியகம். மூன்று நாளும் மழை. கூடாரங்களைச் சுற்றிச் சேறு. வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை, நனைந்துகொண்டே நின்றார்கள். அன்று தொடங்கிய விழா இண்டியானாபொலிஸ், லாஸ் ஏஞ்சலிஸ், லண்டன், சிகாகோ, ஜப்பான் என்று ஊர் ஊராகச் சுற்றி வந்திருக்கிறது.

வேடம் கட்டிக்கொண்டு போவதைப் பலரும் கேலி செய்கிறார்கள். அந்த வழக்கம் எப்படி வந்தது தெரியுமா? 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அதற்கு மிர்ட்டில் டக்லஸ் என்ற பெண்மணி, எதிர்கால மனிதர்கள் அணியும் உடை இப்படித்தான் இருக்கும் என்று கற்பனை செய்து, தாமே உடை தைத்தார். அதில் ஒன்றைத் தாம் அணிந்துகொண்டார். மற்றொன்றை நண்பர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கு அணிவித்தார். இன்று உலகெங்கும் நடக்கும் வேட விழாக்களுக்கெல்லாம் முன்னோடி அந்த இரண்டு உடைகள். ஆக, இந்த வழக்கம் கடையில் பிறக்கவில்லை. ஒரு பெண்ணின் ஊசியிலும் நூலிலும் பிறந்தது. இதை நீங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். என் பேச்சின் சாரமே இதுதான்.

சென்ற 2025 ஏப்ரல் 18 முதல் 20 வரை ஜப்பானின் சிபா மாநிலத்தில், மக்குஹரி மெஸ்ஸே கண்காட்சி மண்டபத்தில் இந்த விழா நடந்தது. என் அக்காள் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் போக வேண்டும் என்றான். தனியாக அனுப்ப அக்காளுக்கு மனமில்லை. "தம்பி, நீ கூடப் போய் வா" என்றார். படத்தைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்த நான் காவலாளாகப் போனேன்.

விடியற்காலையிலேயே வரிசை. கவசம் அணிந்தவர்கள், அங்கி அணிந்தவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்ட தகப்பன்மார்கள். உள்ளே போனால் கடைகள், கையெழுத்துக்குக் கட்டணம், பொம்மைக்கு ஒரு வரிசை. நண்பர் சொன்னாரே, அந்தப் பாதி அப்படியே இருந்தது. மறைக்க வேண்டியதில்லை. இது நிறுவனம் தன் சரக்குக்குத் தானே நடத்தும் திருவிழாவும்கூட.

ஆனால், என் மருமகன் நேராகக் கடைக்குப் போகவில்லை. பையிலிருந்து துணிச் சின்னங்களை எடுத்தான். இரண்டு மாதமாக அவனே வரைந்து, தைக்கக் கொடுத்து வாங்கியவை. இந்த விழாவில் ஒரு பழக்கம் உண்டு. ரசிகர்கள் தாங்கள் செய்த சின்னங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். அதில் காசுக்கு வேலை இல்லை. அறுபது வயது மதிக்கத்தக்க ஜப்பானியர் ஒருவர், தாம் வீட்டில் செய்த சிறு இயந்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே கம்பிகள் ஓடும் விதத்தை இவனுக்குக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இவனுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அரை மணி நேரம் கையசைத்தே பாடம் நடந்தது. வகுப்பில் பத்து நிமிடம் உட்கார முடியாதவன் என்று பெயர் வாங்கிய பிள்ளை, அங்கே அசையாமல் நின்றான்.

நேயர்களே, இப்படிக் கையால் செய்து பழகியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஆர்டூ-டிடூ என்ற சிறிய உருளை வடிவ இயந்திர மனிதனை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதை அளவு பிசகாமல் வீட்டிலேயே செய்யும் ரசிகர் குழு ஒன்று இருக்கிறது. வரைபடங்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வார்கள். 2013ஆம் ஆண்டு ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடந்த விழாவில் அவர்கள் தங்கள் கைவேலையைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்த கேத்லீன் கென்னடி அங்கு வந்து பார்த்தார். தேவைப்பட்டால் நாங்கள் இருக்கிறோம் என்று பிரிட்டிஷ் ரசிகர்கள் பாதி விளையாட்டாகச் சொல்லிவைத்தார்கள். பின்னர் உண்மையிலேயே அழைப்பு வந்தது. லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீப்பிள்ஸ் என்ற அந்த இருவரும் 2015இல் வெளிவந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்துக்கு ஆர்டூவைச் செய்து கொடுத்தார்கள். பொழுதுபோக்கு என்று வீட்டார் சொல்லியிருக்கக்கூடிய வேலை, திரையில் போய் நின்றது.

எல்லாருக்கும் அந்த வாய்ப்பு கிடைக்காது என்பீர்கள். உண்மைதான். வேலை கிடைப்பதற்காக மட்டும் போங்கள் என்று நான் சொல்லவில்லை. இதோ இன்னொரு சான்று.

ஆல்பின் ஜான்சன் என்பவர் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்தவர். கார் விபத்தில் ஒரு காலை இழந்தவர். படத்தில் வரும் வெள்ளைக் கவச வீரர் உடையை அணிந்தபோது அவருக்கு மனம் தேறியது. 1997இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து '501ஆம் படையணி' என்ற ரசிகர் அமைப்பைத் தொடங்கினார். இன்று அதில் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் அதன் கிளை இயங்குகிறது. படத்தில் இவர்கள் வில்லனின் படை. வெளியிலோ மருத்துவமனைப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், அறப்பணிகளுக்கு நிதி திரட்ட உதவுகிறார்கள். இதற்குச் சம்பளம் வாங்குவதில்லை.

அந்த ஜான்சனின் மகள் கேட்டிக்கு 2004இல் மூளையில் புற்றுநோய் என்று தெரிய வந்தது. படத்தில் நாயகி தூங்கும்போது ஆர்டூ காவல் இருப்பதைப் போலத் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அந்தக் குழந்தை ஆசைப்பட்டாள். நான் சற்று முன் சொன்னேனே, வீட்டில் இயந்திரம் செய்யும் குழு, அவர்களிடம் தகப்பன் கேட்டார். இளஞ்சிவப்பு நிறத்தில் புதிதாக ஒன்று செய்யத் தொடங்கினார்கள். அது முடியக் காலம் ஆகும். குழந்தைக்கோ காலம் இல்லை. ஆகவே, உறுப்பினர் ஒருவர் தம்மிடம் இருந்த இயந்திரத்துக்கே இளஞ்சிவப்பு நிறம் பூசி, 2005 ஜூலையில் அவளிடம் கொண்டு சேர்த்தார். அடுத்த மாதம் கேட்டி காலமானாள். வயது 7. அவள் நினைவாகச் செய்து முடிக்கப்பட்ட 'ஆர்டூ-கேட்டி' இன்றும் நோயுற்ற பிள்ளைகளைத் தேடிப் போகிறது. 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்திலும் ஒரு காட்சியில் வருகிறது.

இதை வீண் வேலை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

நல்லதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது நேர்மையாகாது. ரசிகர் கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1999 படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற வேடிக்கைப் பாத்திரத்தில் நடித்தவர் அகமது பெஸ்ட் என்ற இளைஞர். பாத்திரம் பிடிக்கவில்லை என்று ரசிகர்கள் அவர் மீது வசைமாரி பொழிந்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை அது தம்மைக் கொண்டுபோனது என்று அவரே 2018இல் வெளியில் சொன்னார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தச் சுமையை அவர் மனத்துக்குள் வைத்திருந்தார். 2017இல் வெளிவந்த படத்தில் நடித்த கெல்லி மேரி டிரானுக்கும் இதே கதிதான். இணையத்தில் வந்த ஏச்சு தாங்காமல், தம் இன்ஸ்டகிராம் பதிவுகளை 2018இல் அவர் நீக்கிவிட்டார்.

முகம் தெரியாமல் எழுதும்போது மனிதர்களுக்கு வாய் நீள்கிறது. நேரில் நின்றால் என்ன நடக்கிறது? 2019 ஏப்ரலில் சிகாகோ விழாவில் இந்த இருவரும் மேடை ஏறினார்கள். கெல்லியின் பெயரைச் சொல்லிக் கூட்டம் ஆரவாரம் செய்தது, அவர் கண்கலங்கினார். அகமது பெஸ்ட் வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 2023இல் அவர் தொலைக்காட்சித் தொடரில் வீரமிக்க ஜெடாய் பாத்திரத்தில் மீண்டும் வந்தார். பட்ட காயம் ஒரு கைதட்டலில் ஆறிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், ஒரு மனிதரை நேருக்கு நேர் பார்க்கும் இடம் இருந்ததால்தான், அந்தக் கூட்டத்துக்கு நல்லபடி நடந்துகொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்தது. நம் பிள்ளைகள் அறையைச் சாத்திக்கொண்டு யாரையோ ஏசிக்கொண்டிருப்பதைவிட, நாலு பேர் நடுவே போய் நிற்பது மேல் அல்லவா?

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். ஒன் நார்த் வட்டாரத்தில் சேண்ட்கிராலர் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1977 படத்தில் பாலைவனத்தில் ஊர்ந்து வரும் பெரிய வண்டியின் வடிவத்தில் கட்டி, 2014இல் திறக்கப்பட்டது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கலைக்கூடம் அங்கேதான் இருந்தது. 'தி குளோன் வார்ஸ்' அசைவூட்டத் தொடரில் நம் ஊர்க் கலைஞர்களின் கைவண்ணமும் உண்டு. தாங்கள் ரசித்த உலகத்திலேயே வேலை கிடைத்த இளையர்கள் எத்தனை மகிழ்ந்திருப்பார்கள்! 2023 ஆகஸ்ட்டில் அந்தக் கூடத்தை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் வேலை கேள்விக்குறியானது. கட்டடம் ஏற்கெனவே கைமாறியிருந்தது.

இதில் இளையர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. நீங்கள் ஒரு படத்தை நேசிக்கலாம். அதன் நிறுவனம் உங்களைத் திருப்பி நேசிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. அது கணக்குப் பார்க்கும். கணக்குச் சரிவராவிட்டால் கதவைச் சாத்தும். அது வணிகம். ஆனால், வரையவும் தைக்கவும் கம்பி இணைக்கவும் கற்ற கையை எந்த நிறுவனமும் பூட்ட முடியாது. ஆகவே, சரக்கின் மீது ஆசை வைக்காதீர்கள். வேலையின் மீது ஆசை வையுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை இப்படி ஒரு விழாவுக்குப் போகிறேன் என்று கேட்டால், எடுத்த எடுப்பில் மறுக்காதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். செலவில் பாதியையாவது நீயே சம்பாதி என்று சொல்லுங்கள். அங்கே கொண்டுபோக உன் கையால் என்ன செய்யப் போகிறாய் என்று கேளுங்கள். திரும்பி வந்ததும், என்ன வாங்கினாய் என்று கேட்காமல், யாரிடம் என்ன கற்றுக்கொண்டாய், யாருக்கு என்ன கொடுத்தாய் என்று கேளுங்கள். பதில் இருந்தால் அந்தப் பயணம் வீணில்லை. பதில் இல்லாவிட்டால், என் நண்பர் சொன்னதுதான் சரி. அடுத்த முறை பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்த விழா 2027 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் என்று அறிவித்திருக்கிறார்கள். முதல் படத்துக்கு அது ஐம்பதாம் ஆண்டு. என் மருமகன் இப்போதே சேமிப்புக் கணக்கில் காசு போடத் தொடங்கிவிட்டான். இந்த முறை சிறிய இயந்திரம் ஒன்றைத் தானே செய்து கொண்டுபோக வேண்டும் என்பது அவன் திட்டம். வீட்டின் வரவேற்பறை முழுதும் அலுமினியத் தகடும் திருகாணியும் கிடக்கின்றன. காலில் குத்துகிறது என்று அக்காள் ஏசிக்கொண்டேதான் கூட்டிப் பெருக்குகிறார். ஆனால், ஒரு திருகாணியைக்கூடக் குப்பைத் தொட்டியில் போடுவதில்லை. எடுத்து டப்பாவில் போட்டுவைக்கிறார்.