கிரகண இரவும் கமராவின் பழுதும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வானத்தைப் படம்பிடிப்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். எடுத்த படங்களைவிட, எடுக்கத் தவறிய படங்களே எனக்குப் பாடம் கற்பித்தன. ஆகவே அவற்றைப் பற்றியே சொல்ல விழைகிறேன்.

2025 செப்டெம்பர் 7ஆம் நாள் இரவு முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. நம் நேரப்படி 11 மணிக்குப் பூமியின் நிழலுள் முற்றாகப் புகுந்த சந்திரன், 12.22 வரை அதனுள் நின்றது. அந்த 82 நிமிடங்களுக்காக நாங்கள் நால்வர் வத்தளையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கமராவோடு காத்திருந்தோம்.

முழுநிலவைப் படம்பிடிக்க நொடியில் ஒரு சிறு கூறு போதும். நிழலுள் மங்கிய நிலவுக்கோ ஒரு நொடிக்கு மேலும் வேண்டியிருக்கும். அதற்குள் வானம் நகர்ந்துவிடுமாதலால், வானத்தின் சுழற்சிக்கு இசையக் கமராவைத் திருப்பும் சுழல்பீடம் ஒன்று தேவை. அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். லண்டனில் அந்த நட்சத்திரம் 51 பாகை உயரத்தில் நிற்கும். வத்தளையிலோ ஏறக்குறைய 7 பாகை உயரந்தான். தென்னைகளும் மாடிவீடுகளும் அதை மறைத்துவிடும். எனவே சங்கத்துத் தம்பி ஒருவர் பகலிலேயே திசையறி கருவியைக் கொண்டு அச்சை வடக்கு நோக்கி வைத்திருந்தார்.

11 மணி கடந்ததும் படங்கள் மங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் முந்தியதிலும் மோசம். "நீர் பீடத்தைச் சரியாய் வைக்கேல்லை" என்று தம்பியைக் கடிந்தேன். பீடத்தைத் திருகினோம், கமராவின் அமைப்புக்களை மாற்றினோம், மின்கலத்தையும் மாற்றினோம். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றியமையால், எதனால் எது விளைந்தது என்றே தெரியாது போயிற்று. 40 நிமிடங்கள் கழிந்தன.

அப்போது தம்பி அமைதியாகச் சொன்னார்: "அண்ணை, சந்திரனை விடுங்கோ, பக்கத்து வெள்ளிகளைப் பாருங்கோ. பீடம் பிழையெண்டால் அவை கோடாய் இழுபட வேணும். இவை வட்டமாய் ஊதிக் கிடக்கு."

ரோச் லைற்றை அடித்து வில்லையைப் பார்த்தோம். அதன் மேல் பனி படிந்திருந்தது! வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சூழ்ந்த காற்றினும் குளிர்ந்துவிடும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முத்துராஜவெல சதுப்புநிலமும் கொண்ட நம் ஊரின் ஈரக்காற்று அதன்மீது நீராய்ப் படிகிறது. அதனைத் துணியால் துடைத்தல் ஆகாது, கண்ணாடி கீறுண்ணும். தலைமயிர் உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டைத் தொலைவிலிருந்து காட்டினோம். பின்னர் அட்டைத் தாளைக் குழலாகச் சுருட்டி வில்லையைச் சுற்றிக் கட்டினோம். இறுதி அரைமணியில் எடுத்த சில படங்களே தேறின.

நாங்கள் பட்ட பாட்டை அறிஞர்களும் பட்டிருக்கிறார்கள். 1919 மே 29இல் பிரேசில் நாட்டுச் சோப்ரால் நகரில், ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்க ஆங்கிலேய வானியலாளர் சூரிய கிரகணத்தைப் படம்பிடித்தனர். இரவிலே சரியாயிருந்த பெரிய தொலைகாட்டியின் குவியம் கிரகண வேளையில் கலைந்துவிட்டது. வெயிலின் சூடு கண்ணாடியைக் கெடுத்தது என அவர்கள் கருதினர். துணைக்கென்று இரவல் வாங்கிச் சென்ற 4 அங்குலத் தொலைகாட்டியே கைகொடுத்தது; அதன் 8 தகடுகளில் 7 தேறின. அவர்கள் பழுதான தகடுகளை ஒளிக்கவில்லை. பழுது இன்னதென்று சொல்லி, அவற்றின் முடிவையும் சேர்த்தே வெளியிட்டனர்.

1955 யூன் 20இல் இலங்கை கண்ட முழுச் சூரிய கிரகணத்தைப் பெரியோர் சிலர் நினைவுகூரக்கூடும். அதை ஆராயப் பல தேசத்தவர் இங்கு வந்தும் மேகம் அவர்களை ஏமாற்றியது. மேகத்துக்கு மருந்தில்லை, பனிக்கு மருந்துண்டு. எங்கள் பழுது எதுவென்று ஆராயுமுன்னே நான் ஓர் ஆளைக் குற்றஞ்சாட்டினேன். 40 நிமிடங்களை விழுங்கியது பனியன்று, என் அவசரமே.

ஆகவே இளைஞர்களே, பழுது நேர்ந்தால் முதலில் அதன் அடையாளத்தை உற்றுப் பாருங்கள். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். குற்றத்தை மனிதர்மேல் ஏற்றுவதைக் கடைசிக்கு விடுங்கள்.

அந்தத் தம்பி இன்று இச்சபையில் இருக்கிறார். அன்றிரவு கேட்கத் தவறிய மன்னிப்பை உங்கள் முன்னிலையில் அவரிடம் கேட்டு அமர்கிறேன்.